அக்கா எழுதிய கல்யாணப் பத்திரிகை

எங்கள் அக்கா கர்த்தருடைய வீட்டுக்குப் போய் ஓராண்டு ஆகிறது. சாத்தான்குளம் பக்கம் தேரி எனப்படும் செம்மணல் மேட்டை ஒட்டிய ஊரில், நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். மழை பொய்த்து அப்பா எங்களைத் திருப்பூருக்கு அழைத்துவந்தபோது, அக்காவின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துத் தம்பிகள் மூவரையும் படிக்கவைத்தார். கட்டிங் மாஸ்டரான அத்தானை மணந்து ஒரே மகளைப் பெற்றார். கோபம் வந்தால் அக்கா பேசமாட்டார், பாத்திரம் விளக்குவார்.

மகள், தன்னோடு பனியன் கம்பெனியின் பிரிண்டிங் பிரிவில் வேலை பார்த்த ஒடிசாப் பையனை மணக்க விரும்பினாள். அத்தான் மறுத்துவிட்டார். "எம்பேரப் போட்டு ஒரு பத்திரிக அச்சடிக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

அன்று வீட்டில் எல்லாப் பாத்திரமும் பளபளத்தது. மறுநாள் காலையில் அக்கா சொன்னார்: "சரி, அச்சடிக்கல. நான் கையால எழுதுதேன்."

பனியன் லேபிளில் இருக்கும் ஆங்கில எழுத்துகளுக்கு மேல் அக்காவுக்குப் பழக்கமில்லை. மகளின் போனில் ரோமன் பாணி அலங்கார எழுத்தைக் கற்றுத்தரும் வீடியோக்களைப் பார்த்தார். தட்டை முனைப் பேனா ஒன்று வாங்கினார். கட்டிங் டேபிளில் மிஞ்சிய தாளில் பல நாள் வெறும் நேர்கோடுகள்தான் போட்டார். பேனாவின் சாய்வு மாறினால் தடிப்பும் மெலிவும் கெட்டுவிடும். "எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் இல்லையாம் தம்பி. இங்கிலீஷ் 'ஓ'வுக்கு முழு வட்டம் வேணும். 'ஈ'க்கு அதுல பாதி போதும்," என்று என்னிடம் வியந்தார்.

பக்கத்து வீட்டு அம்மா கேட்டார்: "ஏனுங்க்கா, இந்த வயசுல எதுக்குங்க இந்தச் சிரமம்?"

"மாப்பிள்ளையோட அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஒடியா தெரியாது. பத்திரிகையக் கையில எடுத்ததுமே, வேண்டாவெறுப்பா குடுக்கலன்னு அந்தம்மாவுக்குத் தெரியணும்லா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து வந்து அக்கா எழுத உட்கார்ந்தார். எழுத்துகள் வலப்பக்கம் மேடேறிப் போயின. இரண்டு அட்டைகள் வீணாயின. கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தான், "வரி ஏறுது," என்றார். பிறகு எழுந்துவந்து, ஸ்கேலை எடுத்து, ஒவ்வோர் அட்டையிலும் பென்சிலால் லேசாகக் கோடு போட்டுத் தந்தார். அக்கா எழுதினார். மை காய்ந்ததும் அத்தானே கோடுகளை அழித்தார். சமையற்கட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நான் தலையை நிமிர்த்தவே இல்லை.

பெற்றோர் பெயர் எழுதும் இடம் வந்தது. அக்கா பேனாவை நிறுத்தினார். "உங்க பேருக்கு இடம் விட்டிருக்கேன்."

ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு போடும் சத்தம் கேட்டது.

"எழுது," என்றார் அத்தான். "அவசரப்படாத."

கல்யாணத்தன்று மகளைக் கைப்பிடித்து அழைத்துவந்தவர் அத்தான்தான். ஆனாலும் மாப்பிள்ளையிடம் அவர் அதிகம் பேசியதில்லை. அது அக்காவுக்கு ஒரு குறையாகவே இருந்தது.

அடுத்த வருடம் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சையில் விரல்கள் மரத்துப்போயின. அப்போதும் மடியில் அட்டை வைத்து எழுதுவார். "வட்டம் சேரவே மாட்டேங்கு தம்பி. இப்பத்தான படிக்கேன், வரும்," என்று சிரிப்பார்.

அக்கா கண்மூடிய நாளில் மாப்பிள்ளை ஒடிசாவில் இருந்தார். ரயிலேறிவிட்டார், ஆனால் வந்துசேர மறுநாள் ஆகும். கோடை வெயில். இன்றே அடக்கம் செய்துவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அத்தான் வாசலில் வந்து நின்றார். "எம் மருமகன் வந்துக்கிட்டு இருக்காரு. அவரு அவ மொகத்தப் பாக்காம பெட்டிய எடுக்க விடமாட்டேன்." 'மருமகன்' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டது அன்றுதான் முதல்முறை.

சிகிச்சைக் காலத்தில் ரத்தம் கொடுத்த கம்பெனிப் பிள்ளைகளுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், வீடு தேடி வந்து ஜெபித்த சபையாருக்கும், மூன்று வேளையும் எங்களுக்குச் சோறு கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும் நன்றி. மறுநாள் மதியம் வரை வெயிலில் அத்தானோடு காத்திருந்து, மருமகனும் ஒரு கை பிடிக்க அக்காவைச் சுமந்து சென்ற உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அன்புத் தம்பி