அக்கா கரை ஏறும்வரை

அவுஸ்திரேலியாவில் கணக்காளராக வேலை பார்க்கும் என் அக்கா, தனியாளாகப் பாய்மரப் படகில் கடல் கடக்கும் போட்டியில் சேர்ந்தபோது, என் மகளுக்கு ஆறு மாதம் நிறைந்திருந்தது. வார இறுதிகளில் பொழுதுபோக்காகப் பழகிய படகோட்டம்தான் அவளுடையது. மலைநாட்டுத் தெல்தோட்டையில் பிறந்த எங்களுக்குக் கடல் என்றால் பள்ளிச் சுற்றுலாவில் கால் நனைத்ததுதான்.

மகளுக்குக் கண்டிக் கோயிலில் முதல் சோறு ஊட்ட நாள் பார்த்திருந்தோம். அம்மா அதைத் தள்ளிப்போட்டார்.

"அக்கா கரை ஏறட்டும். அவ நடுக்கடல்ல தனியா கெடக்கா, நாம இங்க பாயாசம் வைக்கிறதா?"

தனியா. அந்தச் சொல்தான் எனக்கு எரிந்தது. பிலிமத்தலாவையில் எங்கள் வீட்டில் நான் குளிக்கப் போனாலே கதவுக்கு வெளியே மகளின் அழுகை கேட்கும். அக்காவைக் கூப்பிட நடுக்கடலில் யாருமில்லை. அப்படியிருந்தும் அம்மாவின் கண்ணீர் அவளுக்கே. என் போனில் அவள் படகு ஒரு சிவப்புப் புள்ளியாக நகரும். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா அந்தப் புள்ளியையே பார்த்திருப்பார்.

கிளினிக்கில் பிள்ளைகளின் எடை பார்க்கும் மிஸ் என்னைத்தான் கடிந்தார். எடை ஏறவில்லை, இன்னுமா வெறும் பால் என்று கேட்டார். அம்மாவின் பேச்சை மீறலாமா, மீறாவிட்டால் பிள்ளைக்கு என்னவாகும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மாற்றி மாற்றி யோசித்தேன். மறுநாள் அம்மா போனும் கையுமாக முன்னறையில் இருக்க, குசினியில் சோற்றைப் பருப்போடு மசித்து ஊட்டினேன். பிறகு தினமும்.

அடுத்து வந்த புயலில் பாய்மரம் முறிந்தது. ஒரு சரக்குக் கப்பல் அக்காவை ஏற்றிக்கொண்டது. படகு கடலோடு போனது. அவள் தைரியத்தைச் சொல்லிச் சொல்லிச் சொந்தக்காரர்கள் எல்லோரும் அம்மாவுக்குப் போன் எடுத்தார்கள். நான் பட்டம் வாங்கியபோது இதில் பாதிப் பேர்கூட எடுக்கவில்லை.

அக்கா கரை ஏறியதும் கோயிலுக்குப் போனோம். அம்மா முதல் வாய் ஊட்டினார். மகள் அகல வாய் திறந்து வாங்கி, விழுங்கிவிட்டு, கிண்ணத்தைப் பிடித்து இழுத்தாள்.

"பாத்தீங்களா சாமி, பயமே இல்ல. அப்படியே பெரியம்மாதான்" என்றார் அம்மா ஐயரிடம்.

"அதுக்குப் பழக்கம்மா. நான் முன்னமே ஊட்டிட்டேன்."

"எப்ப?"

"நீங்க போனைப் பாத்துக்கிட்டு இருந்தப்ப."

ஐயர் விளக்குத் திரியைத் தூண்டத் திரும்பிக்கொண்டார். அம்மா பேத்தியின் வாயைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.