கும்மி பார்த்த பஞ்சு மார்பு

பெரியநாயக்கன்பாளையத்தில் வள்ளி கும்மிப் பயிற்சிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போவேன். நான் ஆடமாட்டேன். மார்பகப் புற்றுநோய்க்கு எனக்கு ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் ரவிக்கைக்குள் ஒரு பஞ்சு மார்பு. குதித்தால் அது எங்கே போய் விழுமோ என்று பயம்.

முன்வரிசையில் ஆடும் ஒரு அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். பெரிய மூக்குத்தி, காலில் சலங்கை. ஒருநாள் பாட்டு தொடங்குமுன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, ரவிக்கைக்குள்ளிருந்து என்னுடையதைப் போலவே ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார்.

“ஏனுங்க கண்ணு, இதைக் கொஞ்சம் பாத்துக்குங்க. ஆடுனா வேர்த்து நனைஞ்சுபோகுதுங்க.”

நான் அவசரமாக அதை முந்தானையால் மூடினேன். “ஒரு பக்கம் தட்டையாத் தெரியுமேங்க?”

“தெரிஞ்சாத் தெரியட்டுங்க. ஆடறது நானுங்க. அது ஒக்காந்து பாக்கட்டும்.”

அடுத்த ஞாயிறு நானும் கடைசி வரிசையில் நின்றேன். பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு பஞ்சு மார்புகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தன. முடிந்ததும் அவரேதான் எனக்கு எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. மாறியது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? திருப்பிக் கேட்கவும் மாட்டேன் என்கிறார். வாராவாரம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்.