கதவுக்கு வெளியே நனைந்தபடி லெச்சுமி அன்ரி

அப்பா தானாகத் தொலைபேசி எடுப்பதில்லை. அம்மா இலக்கத்தை அழுத்திக் கையில் கொடுத்தால், "சாப்பிட்டியோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆகவே, வேலை முடிந்து பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது அவருடைய குரல் நேராக வந்ததும் சனத்தைவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

"பிள்ளை, லெச்சுமி மோசம் போயிட்டாள்."

பிறகு, "என்னை அங்கை கொண்டுபோகோணும். நீ வா," என்றார்.

மல்லாவிக்கு அப்பால் எங்கள் ஒழுங்கையில் எதிர்வீட்டில் இருந்தவர் லெச்சுமி அன்ரி. களை பிடுங்கிய வயலிலிருந்து ஒரு காய்ச்சலோடு வந்தார். அது எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தபோது உடல் முழுவதும் மஞ்சளாகியிருந்தது. சாகும்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. இந்த நினைவு மலரை வாசிக்கப்போகிறவர்களில் பலர் அவருடைய குரலை ஒழுங்கையின் மறுமுனையிலிருந்தே கேட்டவர்கள். அப்பாவைப் பற்றியும் இதில் எழுதவேண்டியிருக்கிறது. அவரிடம் கேட்டேன். "எழுது," என்றார்.

யுத்தத்தின் கடைசி மாதங்களில் ஷெல் பட்டு அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. அதற்குமுன் அவர் உழவு இயந்திரம் ஓட்டியவர். மீள்குடியேறிய பிறகு தன் அறையைவிட்டு அவர் வெளியே வரவில்லை. சக்கர நாற்காலி ஒன்று கிடைத்தது. அதில் அம்மா உடுப்புப் போட்டு வைத்தா. தன்னைத் தூக்குவதை ஆரும் பார்க்கக்கூடாது என்பதுதான் அவருடைய பிடிவாதம். நாங்களும் அதற்குப் பழகிப்போனோம்.

அந்தக் காற்று ஒரு பின்னேரம் வந்தது. பத்திரிகைகள் மினி சூறாவளி என்று எழுதின. எங்களுக்கு முதலில் கேட்டது, யுத்தத்தில் குண்டுபோட வந்த கிபிர் விமானத்தினதைப் போன்ற இரைச்சல் மட்டும்தான். எதிர்வளவிலிருந்து லெச்சுமி அன்ரி, "கிபிர் வருது! குப்புறப் படுங்க, குப்புறப் படுங்க!" என்று கத்தினார். யுத்தம் முடிந்து எத்தனையோ வருடங்கள் ஆகியும் ஒழுங்கை முழுவதும் மண்ணில் விழுந்து படுத்தது. முற்றத்தில் படுத்திருந்ததால் அவர் தப்பினார். வீடு அவருக்குப் பின்னால் சரிந்தது. பிறகு அவரே சொல்லிச் சிரிப்பார்: "கிபிருக்குப் படுத்தன், காத்து வந்துச்சு. நல்ல காலம், ரெண்டுக்கும் ஒரே படுக்கைதான்."

எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் மெத்தையை இழுத்து அப்பாவுக்கு மேலே போட்டு அதன்மேல் கிடந்தோம். எழும்பியபோது மேலே தகரம் இல்லை. வானம் தெரிந்தது, மழை கொட்டியது. அலுமாரி குப்புற விழுந்து கிடந்தது. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவர் மேலிருந்து கீழ்வரை வெடித்து உள்பக்கம் சாய்ந்திருந்தது.

ஒழுங்கைச் சனம் ஓடிவந்தது. தங்கள் வீட்டையே இன்னும் சரியாகப் பார்க்காதவர்கள். அப்பா கத்தினார்: "ஒருத்தரும் உள்ளுக்கு வராதேங்கோ!" இடுப்பில் கட்டியிருந்த சாரம் விலகியிருந்தது, சிறுநீர் போகும் குழாய் பிடுங்குப்பட்டிருந்தது. நான் போர்வையால் மூடினேன். அம்மா கும்பிட்டா, திட்டினா. அவர் அசையவில்லை.

"விடுங்கோ, நாலு பேராப் பிடிச்சுத் தூக்குவம். சுவர் விழப்போகுது," என்றார் பக்கத்து வளவுக் கணேசண்ணை.

"அவரைக் கேட்டிங்களா?" என்று லெச்சுமி அன்ரியின் குரல் வந்தது. தலைமுடியெல்லாம் சேறு. கதவு இருந்த இடத்துக்கு வெளியே, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி வந்து நின்றார்.

"அண்ணே, லெச்சுமி. உள்ள வரட்டா?"

"வேண்டாம்."

"சரி, வரல." அப்படியே மழைக்குள் நிலத்தில் உட்கார்ந்தார். "நீங்க வாற வரைக்கும் நான் இங்கதான். செவுரு விழுந்தா என் மேலயும் விழட்டும்."

"விசரோ உனக்கு? எழும்பிப் போ!" என்றார் அப்பா.

"என் வீடுதான் போயிருச்சே அண்ணே, எங்க போக? ஆர் தூக்கோணும், எப்படித் தூக்கோணும் எண்டு நீங்க சொல்லுங்க. நீங்க சொல்ற மாதிரிச் செய்யிறம்."

சுவரிலிருந்து ஒரு கல் கழன்று அலுமாரியின்மேல் விழுந்தது. அப்பா மெதுவாக, "கணேசன். அவன்ரை தம்பி. வேறை ஒருத்தரும் வேண்டாம். கதிரையிலை வைச்சுத் தூக்கச் சொல்லு," என்றார்.

லெச்சுமி அன்ரி எழும்பி முற்றத்தைப் பார்த்துக் கத்தினார்: "மாப்பிள்ளை உடுப்பு மாத்தேக்க இப்படித்தான் வாயப் பாத்துக்கிட்டு நிப்பீங்களா? திரும்புங்க எல்லாரும்!"

திரும்பினார்கள். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், ஒழுங்கை முழுவதும் மழைக்குள் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர்களுடைய முதுகுகளுக்கு நடுவால் அப்பா கதிரையில் வந்தார். "கணேசன், இடப்பக்கம் தூக்கு. மெல்ல. இப்ப றிவேர்ஸ் எடு," என்று அவர் சொன்னபோது யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பொழுதுபடுவதற்கு முன் அந்தச் சுவர் கட்டிலின்மேல் விழுந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். லெச்சுமி அன்ரியின் பெற்றோர் மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள். அவர் இங்கேயே பிறந்தவர். ஆனாலும் எங்கள் ஒழுங்கையில் சிலர் அவர் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. அன்று நாங்கள் தங்கிய பள்ளிக்கூடத்தில், நனையாத விறகைத் தேடி முதலில் அடுப்பு மூட்டியவர் அவர்தான். தேத்தண்ணியைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு, "குடிக்காதவங்க இப்பவே சொல்லுங்க, சீனி மிச்சம்," என்றார். பெரும்பாலானோர் குடித்தார்கள். ஒன்றிரண்டு பேர் அன்றும் குடிக்கவில்லை. அவர்களுடைய வீட்டுக்கும் அடுத்த நாள் தகரம் பொறுக்கப் போனார்.

அவரைத் தெய்வமாக்க நான் விரும்பவில்லை. பறந்துபோன தகரங்கள் கண்டபடி வளவுகளில் கிடந்தன. தன்னுடைய நீலத் தகரம் ஒன்றை இன்னொருவர் கூரையில் கண்டதும் ஏறி ஆணியைக் கழற்றிக் கொண்டுவந்துவிட்டார். "உதவி வேற, என்ட தகரம் வேற," என்றார். பதிலுக்கு அவர் கொடுத்த தகரம் அந்த வீட்டுக்காரருக்கு மாரி முழுவதும் ஒழுகியது.

புதிய அறை கட்டிய பின் அப்பா மீண்டும் உள்ளேயே இருந்துவிட்டார். வயலால் வரும்போது அன்ரி எங்கள் யன்னலடியில் நிற்பார்.

"அண்ணே, இண்டைக்கு வெளிய படலையடிக்கு வாறீங்களா?"

"நாளைக்கு."

"சரி, நாளைக்கு." ஒருநாளும் அவர் வற்புறுத்தியதில்லை. கேட்காமல் போனதும் இல்லை.

செத்தவீட்டன்று நான் வந்து சேர்ந்தபோது அப்பா முகச்சவரம் செய்து வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். சக்கர நாற்காலியில் இருந்த உடுப்புகளை அம்மா எடுத்துக் கட்டிலில் போட்டிருந்தா. நான் தள்ளினேன். ஒழுங்கை மணலில் சில்லுகள் புதைந்தபோது கணேசண்ணை முன்பக்கம் பிடித்தார். பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டோம். அப்பா அவருடைய முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நாளைக்கு எண்டு சொல்லி உன்னைப் பேய்க்காட்டிப்போட்டன், லெச்சுமி," என்றார். பிறகு அத்தனை பேருக்கும் முன்னால் வாய்விட்டு அழுதார். முகத்தை மூடவில்லை.

அந்தச் சனத்தில் நீங்களும் நின்றிருப்பீர்கள். அப்பா வெளியே வந்துவிட்டார் என்று லெச்சுமி அன்ரியிடம் சொல்லத்தான் நாங்கள் எல்லோரும் ஆசைப்பட்டிருப்போம்.

இப்போது பின்னேரங்களில் அப்பா படலையடியில் இருக்கிறார். போகிறவர்கள் நின்று கதைக்கிறார்கள். மாட்டைப் பற்றி, மழையைப் பற்றி. விடுமுறைக்கு வரும்போது பஸ்ஸிலிருந்து இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பியதுமே அவருடைய வெள்ளைச் சேட்டு எனக்குத் தெரிகிறது. எதிர்வீட்டு அடுப்பில் புகையில்லை. லெச்சுமி அன்ரி எனக்கு விட்டுப்போனது, வீட்டு வாசலுக்கு வெளியே இருந்து என்னைப் பார்த்துக் கையசைக்கிற என் அப்பாவை.