தலை எண்ணிக்கை

ஜனாதிபதி வேட்பாளர் ஒருவரின் பிரசாரப் பயணத்தில் பத்திரிகையாளர்களின் பஸ் என் பொறுப்பில் இருந்தது. கூட்டத்தில் ஆளில்லாத வெறுங்கதிரைகளைப் படம் எடுத்த பத்திரிகையாளர் சிவத்தை, வழியில் ஒரு தேநீர்க்கடையில் வேண்டுமென்றே விட்டுவிட்டு பஸ்ஸை எடுக்கச் சொன்னேன். அடுத்த கூட்டத்துக்கு அவர் வந்து சேரவில்லை. அதனால் அவருடைய வேலை போயிற்று.

இன்று ரொறன்ரோவில், அஜின்கோர்ட் பகுதிக் கோப்பிக் கடையொன்றில் அவர் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். தன் காரில் என்னை அழைத்து வந்தவரும் அவர்தான்.

"பஸ்ஸில தலை எண்ணேக்க பிழைச்சுப்போச்செண்டு அப்ப சொன்னியள், அண்ணை."

"பொய், சிவம். வேணுமெண்டுதான் விட்டனான். என்னை மன்னிக்கவேணும்."

அவர் கோப்பியை ஆற்றுகிறார். "வெறுங்கதிரையையே எண்ணினவன் நான். உங்கட பொய் எனக்கு அண்டைக்கே தெரியும்."

மன்னித்தாரா என்று விளங்கவில்லை. கை கழுவிவிட்டு வருகிறேன். அவருடைய கதிரை காலி. வெளியே பனி கொட்டுகிறது. அவருடைய கார் தெருவில் ஏறிப் போகிறது. என் கோட்டும் அதற்குள்தான் கிடக்கிறது. வாசலில் நடுங்கியபடி நிற்கிறேன். கோபப்பட எனக்கு உரிமை இல்லை.

பத்து நிமிடம் கழித்துக் கார் திரும்பி வந்து நிற்கிறது. கண்ணாடி இறங்குகிறது.

"தலை எண்ணிப் பாத்தன், அண்ணை. ஒண்டு குறையுது. ஏறுங்கோ."