நாற்பத்து மூன்று தடவை நின்ற வண்டி

அந்தப் பகுதியில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் கிளட்ச் அக்காவிடம் கற்றவர்கள். மீதிப் பேர் அவள் வண்டிக்கு வழிவிட்டு வழிவிட்டே பொறுமை கற்றவர்கள். நாளெல்லாம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து “கிளட்ச், கிளட்ச், கிளட்ச்!” என்று தொண்டை கிழியக் கத்துவதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வயது என்னவோ முப்பத்தெட்டுதான். அறுபதைத் தாண்டியவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். நம் உயிரைக் காப்பாற்றும் பிரேக் யார் காலடியில் இருக்கிறதோ அவள் மூத்தவள்தானே!

பதினோரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவள் அவள். அந்தப் பதினோரு வருஷமும் கண் ஓட்டுநரின் காலில்தான் இருந்தது. பிறகு உரிமம் எடுத்தாள், ஒரு பழைய கார் வாங்கினாள், பக்கத்து இருக்கைக்கும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் வைத்தாள், கூரைமேல் பலகை மாட்டினாள். அவள் ஓட்டுநர் பள்ளி என்பது அந்த ஒரே வண்டிதான். வண்டி படுத்தால் பள்ளியும் படுத்துவிடும்.

அன்று காலை ஏழு மணிக்கு வண்டி படுத்துவிட்டது.

சாவியைத் திருப்பினால் “டக் டக் டக்” என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வாசலில், அவளிடம் ஓட்டப் பழகும் நர்சம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். ஐம்பத்தொரு வயது. மருத்துவமனை வேலை முடிந்து, இப்போது வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. தானே வண்டி ஓட்டி வரவேண்டும் என்பதுதான் நிபந்தனை, அதற்கு இந்த வாரமே கெடு. ஓட்டுநர் தேர்வில் இரண்டு தடவை தோற்றாயிற்று. இரண்டு தடவையும் மேட்டில் வண்டியை நிறுத்தி, அதோடு இன்ஜினையும் நிறுத்தித் தொலைத்திருந்தார். இன்று பத்து மணிக்கு இதே வண்டியில் மூன்றாவது தேர்வு. இதை விட்டால் வேலையும் போச்சு.

“செல்ஃப் எடுக்கலையா அக்கா?” என்று கேட்டார் நர்சம்மா.

“எடுக்கும், எடுக்கும். நீங்க பதறாதீங்க” என்றாள் கிளட்ச் அக்கா. சாவியை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தாள்.

தெருமுனை மெக்கானிக் பத்து மணிக்குத்தான் ஷட்டரைத் தூக்குவார். தூக்கினாலும் அவர் மருந்து ஒன்றுதான்: “புது பேட்டரி போட்டுடலாம்!” ஆறு மாதத்துக்கு முன்னால் அவர் பேச்சைக் கேட்டு வீணாய்ப் போட்டதுதான் இந்த பேட்டரி. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. அன்றிலிருந்து கிளட்ச் அக்கா மின்சாரம் அளக்கும் ஒரு மல்டிமீட்டரை வாங்கி மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அதை இப்போது எடுத்துக்கொண்டு ஓடிவந்து பானெட்டைத் திறந்தாள்.

சிவப்புக் கம்பியை ஒரு முனையில், கறுப்பை மறுமுனையில் வைத்தாள். பதினொன்று புள்ளி ஒன்பது வோல்ட். நல்ல பேட்டரி ராத்திரி தூங்கி எழுந்தால் பன்னிரண்டரைக்கு மேல் காட்டவேண்டும்.

“காஞ்சு போய் கிடக்கு. யாரு குடிச்சாங்கன்னு பாத்துடுவோம்.”

“பல்ஸ் பாக்குற மாதிரியே இருக்கே” என்று நர்சம்மா எட்டிப் பார்த்தார். கைப்பை தானாகத் தோளுக்கு ஏறிவிட்டது.

பேட்டரி முனைகளில் வெள்ளையாய்ப் பொடி பூத்திருந்தது. சாவியை எடுத்துவிட்டு, கறுப்பு வயரை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் தேய்த்துத் துடைத்தாள். பளபளவென்று ஆயிற்று. கறுப்பு வயரை மாட்டுவதற்கு முன், வயருக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை வைத்து, சாவி இல்லாத நேரத்தில் ஏதாவது விளக்கோ ரேடியோவோ திருட்டுத்தனமாக மின்சாரம் குடிக்கிறதா என்று பார்த்தாள். கடிகாரத்துக்குக் கொஞ்சம் போகிறது, அவ்வளவுதான். திருடன் யாருமில்லை. கறுப்பு வயரை மாட்டினாள்.

“அப்போ டைனமோவா?” வீட்டுக்குள்ளிருந்து அவள் கணவர் கேட்டுக்கொண்டே வந்தார். பேருந்து நடத்துனர், அந்த வாரம் விடுப்பில் இருந்தார். பார்த்ததையெல்லாம் எண்ணுவது அவர் வியாதி. விருந்துக்குப் போனாலும் தலைகளை எண்ணி முடிக்காமல் இலையில் கை வைக்கமாட்டார்.

“கேள்வி அப்புறம். எதிர்வீட்டுக் காய்கறி வேனைக் கொண்டு வரச் சொல்லுங்க.”

வேன் மூக்கோடு மூக்கு வந்து நின்றது. அதன் பேட்டரியிலிருந்து தன் வண்டிக்கு இரண்டு வயர் இழுத்தாள். சிவப்பு சிவப்போடு, கறுப்பின் கடைசி முனை மட்டும் பேட்டரியில் வேண்டாம், இன்ஜின் இரும்பில். சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரே உறுமலில் எழுந்தது. நர்சம்மா கைதட்டிவிட்டார். வேன் வயர்களைக் கழற்றிவிட்டு மறுபடி மீட்டரை வைத்தாள். பதினாலு புள்ளி இரண்டு! விளக்கைப் போட்டாள், காற்றாடியை முழுசாகத் திருப்பினாள். பதினாலுக்குக் கொஞ்சம் கீழே, அங்கேயே நின்றது. ஓடும்போது பேட்டரியை நிரப்பும் டைனமோ தங்கமான டைனமோ.

கிளட்ச் அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். பேட்டரி புதுசு. போன மாதம் தன் கூடப்பிறந்தவள் வீட்டுக்கு நீளப் பயணம் போய்வந்தபின் ஒரு வாரம் முணுமுணுக்கக்கூட இல்லை. கசிவு இல்லை, டைனமோ ஜோர். எல்லாரும் யோக்கியர் என்றால் சொம்பைத் தூக்கியது யார்?

“நேத்து நாப்பத்து மூணு” என்றார் நடத்துனர்.

“என்னது நாப்பத்து மூணு?”

“பின்சீட்ல கண்ணை மூடிட்டு உக்காந்திருந்தேன்ல? நர்சம்மா வண்டிய நிறுத்துனது நாப்பத்து மூணு தடவ. முந்தாநாள் முப்பத்தெட்டு.”

நர்சம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் கிளட்ச் அக்காவுக்கோ தலைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் மறுபடி செல்ஃப். அதுதான் பேட்டரியைக் குடம் குடமாக மொண்டு குடிப்பது. நடுவில் மைதானத்தில் ஆமை வேகத்தில் நாலு சுற்று. அதில் ஸ்பூன் ஸ்பூனாகத்தான் நிரம்பும். ஒரு வாரமாக வேறு யாருக்கும் பாடம் எடுக்காமல் நர்சம்மாவை மட்டும், பாவம் பயப்படுவாரே என்று, அந்த மைதானத்துக்குள்ளேயே சுற்றவிட்டது யார்?

“நான்தான்” என்றாள் வாய்விட்டு. “நோய் வண்டிக்கு இல்லீங்க. என் பாடத்துக்கு. உங்கள நல்ல ரோட்டுக்கே கூட்டிட்டுப் போகல பாருங்க, மடச்சி நான்!”

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அந்த வெட்கத்தைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டது.

மருந்து சுலபம். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் தேர்வுக்கு வேண்டிய அளவு நிரம்பிவிடும். தேர்வில் முதல் வேலையே அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்வதுதான். கிளட்ச் அக்கா ஓட்டுநர் இருக்கையில் ஏறி, கதவைச் சாத்தினாள். உடனே திறந்து இறங்கினாள்.

“நீங்க ஓட்டுங்க நர்சம்மா.”

“நானா? வழியில ஆஃப் ஆயிட்டா? அங்க ஏது வேனு?”

“அதுக்குத்தான் சொல்றேன். நின்னா மறுபடி எடுத்துக்கலாம்னு தெரிஞ்சுதான் உங்க கால் சோம்பேறித்தனம் பண்ணுது. இன்னைக்கு மறுபடி கிடையாது.”

அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். வலது காலைப் பிரேக்குக்கு மேல் காவல் வைத்தாள். கிளட்சை மிதிக்கும் இடது காலை மடித்து இருக்கைமேல் போட்டுக்கொண்டாள். அந்தக் காலை நம்பித்தான் நர்சம்மா மூன்று மாதமாக ஓட்டிக்கொண்டிருந்தார். பின்சீட்டில் நடத்துனர் ஏறினார். கண்ணை மூடிக்கொண்டார்.

வண்டி குலுங்கியது, தவித்தது, கிளம்பிவிட்டது. நெடுஞ்சாலையில் நாலாவது கியர் விழுந்ததும் நர்சம்மா “அய்யோ அக்கா, போகுது அக்கா!” என்று சின்னப் பெண்போலக் கூவினார். அவர் நாலாவது கியரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கிளட்ச் அக்காவுக்கும் உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு நிமிஷம் அவளும் கத்தினாள், கிளட்ச் என்று அல்ல, சும்மா சந்தோஷத்துக்கு.

அரை மணி கழித்து வந்தது சோதனை. பாலத்து ஏற்றத்தில் போக்குவரத்து நின்றுவிட்டது. பின்னால் ஒரு லாரி ஒட்டிக்கொண்டு நின்று ஹார்ன் அடித்தது. முன்வண்டி நகர்ந்தது. கிளட்ச் அக்காவின் மடித்த கால் துடித்தது. அதைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் வரும் என்று உதட்டையும் கடித்துக்கொண்டாள்.

நர்சம்மா யாரிடமோ பேசுவதுபோல மெல்லச் சொன்னார்: “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல... மூச்சை விடுங்க... மெதுவா எடுக்குறேன், வலிக்காது.” முப்பது வருஷமாக ஊசியை உருவும்போது சொன்ன அதே வார்த்தைகள். கால் அதே நிதானத்தில் கிளட்சிலிருந்து எழும்பியது. வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்வாங்காமல் மேட்டில் ஏறியது.

“இதை ஏம்மா மூணு மாசமா சொல்லல?” என்று கத்தினாள் கிளட்ச் அக்கா. கண்ணில் தண்ணீர்.

“நீங்க கத்துறதுல எனக்குப் பேச இடம் ஏது அக்கா?”

தேர்வு மைதானத்தில் அவளைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கையில் மல்டிமீட்டர். பானெட்டைத் திறந்து பார்க்கவும் வழியில்லை. அதிகாரி பக்கத்து இருக்கையில் ஏறிக் கையசைத்தார். நர்சம்மா சாவியைத் திருப்பினார். இன்ஜின் அடங்கியது. கிளட்ச் அக்காவுக்குத் தன் நெஞ்சும் அதோடு நின்றதுபோல இருந்தது. “எடு, எடு, எடு...” என்று பல்லுக்குள் மந்திரம்போல் சொன்னாள்.

ஒரே “கிர்ர்”. எடுத்துவிட்டது!

பிறகு வளைவு, பின்னால் எடுப்பது, கடைசியில் மேடு. கிளட்ச் அக்காவுக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு, பக்கத்தில் நின்ற நடத்துனரைக் கேட்டாள்.

“ஏங்க, எத்தன?”

“ஒண்ணு.”

“நின்னுடுச்சா? எங்க, மேட்டுலயா?”

“அது இல்லடி. அவரு அணைக்கச் சொன்னாரே, அது ஒண்ணு. அவ்வளவுதான்.”

திரும்பினாள். மேட்டின் மறுபக்கம் வண்டி இறங்கி வந்துகொண்டிருந்தது. அதிகாரி காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நர்சம்மா ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டினார். தேர்வு வண்டியில் அப்படி ஆட்டக்கூடாது. ஆட்டட்டும்.

திரும்பும்போதும் நர்சம்மாதான் ஓட்டினார். நாற்சந்தி வந்ததும் கேட்டார்: “நேரா வீட்டுக்குத்தானே அக்கா?”

கிளட்ச் அக்கா இரண்டு காலையும் மடித்துச் சம்மணம் போட்டுக்கொண்டாள். “சுத்திப் போங்க. பேட்டரி இன்னும் நிறையணும்” என்றாள். அது பேட்டரிக்காக இல்லை என்று மூவருக்கும் தெரியும். பின்சீட்டில் நடத்துனர் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்.