விஷத்துக்கு வைத்த மணி

அன்று மதியம் நானும் என் நாத்தனார் கவிதாவும் அரக்கர்களை மோதவிடும் சீட்டு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தோம். அதில் ஒரு சீட்டுக்கு விஷம் ஏறினால், அது இறங்கும்வரை அதன்மேல் சிவப்புக் கண்ணாடி மணி ஒன்று இருக்க வேண்டும்.

பாலை இறக்கிவைக்க எழுந்துபோனேன். திரும்பி வந்தால் கவிதாவின் சீட்டின்மேல் மணியைக் காணோம். பக்கத்தில் தவழ்ந்த என் பத்து மாத மகள் எதையோ மென்றபடி இருமினாள்.

“கவிதா, பாப்பா மணியை முழுங்கிட்டா” என்று கத்தினேன்.

ஆட்டோவில் அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை மகளின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கவிதா ஆட்டோக்காரரை அவசரப்படுத்திக்கொண்டே வந்தாள்.

“மணி எவ்வளவு பெருசுங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“இத்தனூண்டுதானுங்க” என்று கவிதா இறுக மூடியிருந்த கையை விரித்தாள். உள்ளே மணி இருந்தது.

அவளே திகைத்துப்போனாள். “நீங்க உள்ள போனப்ப விஷம் எறங்க மருந்துச் சீட்டுப் போட்டு மணிய எடுத்தனுங்கண்ணி. நீங்க கத்துனதும் எல்லாமே மறந்துபோச்சுங்க” என்று அழுதாள். டாக்டர் மகளின் வாயைத் திறந்து பார்த்தார்; இருந்தது பிஸ்கட் துணுக்குதான்.

திட்டத்தான் வாயெடுத்தேன். அவள் உள்ளங்கையில் மணி அழுந்திய இடம் குழிந்து சிவந்திருந்தது. என் மகளுக்காக என் அளவுக்குப் பயப்படும் இன்னொருத்தி எங்கள் வீட்டில் இருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.