அடைக்கப்போகும் வாசலுக்கு ஒரு பட்டி

நுரைச்சோலையில் டைல்ஸ் பதிக்கும் மேசன் பாஸ் ஒருவரிடம் கொஞ்ச நாள் கையாளாக இருந்தேன். டைல்ஸ் முடிந்து சிமெந்துத் தரை தொடங்கும் வாசல்களில் ஒட்டும் அலுமினியப் பட்டி எவ்வளவு வேண்டும் என்று அளப்பது என் வேலை. அப்படி வேலைக்குப் போன ஒரு வீட்டின் சொந்தக்காரர் உப்பளத் தொழிலாளி. குதிகால் முழுக்க வெடிப்பு. நான் டேப் பிடித்த ஒவ்வொரு வாசலையும் அவர் பின்னாலேயே வந்து பாதத்தால் அளந்தார்.

வீட்டின் முன்பாதி மகளுக்குச் சீதனம். டைல்ஸ் அங்கே மட்டும்தான். பின்பாதியில் அவரும் மனைவியும் இருப்பதாக ஏற்பாடு.

இரண்டு பாதிக்கும் நடுவிலிருந்த வாசலை அளக்கும்போது அவருடைய மனைவி குசினியில் சமைத்தபடியே சொன்னார்: "அதுக்கு ஏன் தம்பி பட்டி? கலியாணம் முடிய அதக் கல்லு வெச்சு அடைக்கணும்னு மாப்புள ஊட்டாக்கள் சொல்லீட்டாங்களே."

"நீ சும்மா இரி. புள்ள உம்மாவப் பாக்க ரோட்டால சுத்தியா வாற?"

"அவங்க கேக்கக்குள்ள ஓம் எண்டு தலையாட்டினது ஆரு?"

அவர் அந்த வாசலை மறுபடியும் பாதத்தால் அளந்தார்.

"மூணடி. எழுதுங்க, தம்பி."

எழுதினேன். பட்டி வந்ததும் ஒட்டினேன். கலியாணத்துக்கு முன்பே நான் வேறு ஊருக்குப் போய்விட்டேன். அடைக்கக் கல் வந்த அன்று அவர் வழிமறித்தாரா, ஒதுங்கி நின்றாரா என்பது எனக்குத் தெரியாது.